ஆடம்ஸ் ஓய்வு பெறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்க அதிபர்கள் பற்றிய கட்டுரையில், ஜான் குவின்சி ஆடம்ஸ் 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்று அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு அந்த வரியைக் கடந்து போக மனம் வரவில்லை.

தோற்றது உண்மைதான். 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்ததும், அதற்குத் துணை நின்ற ஹென்றி கிளேயை அவர் வெளியுறவு அமைச்சராக்கியதால் எழுந்த, பேரம் பேசிப் பதவி பெற்றார் என்ற பழி கடைசிவரை அவரைத் துரத்தியதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆனால் ஓய்வு எங்கே பெற்றார்? 1830இல் மாசசூசெட்ஸ் மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1831 முதல் 1848இல் உயிர் பிரியும்வரை அவர் அச்சபையின் உறுப்பினர். அதிபராக இருந்தபின் அந்தச் சபைக்குச் சென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க 1836இல் அச்சபை விதி செய்தபோது, மனுச் செய்யும் உரிமையையே பறிக்கிறீர்கள் என்று எழுந்து நின்றவர் அவர். 1842 ஜனவரியில், அமெரிக்க மாநிலங்களின் ஐக்கியத்தையே கலைத்துவிடுங்கள் என்று மாசசூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊரார் 46 பேர் அனுப்பிய மனுவை, அதை ஏன் ஏற்க முடியாது என்று விளக்கிப் பதில் தர வேண்டும் என்ற கோரிக்கையோடு அவர் முன்வைத்தார். உடனே தென் மாநில உறுப்பினர்கள் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எழுபத்து நான்கு வயதுக் கிழவர், சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியைப் படிக்குமாறு சபை எழுத்தரைக் கேட்டுக்கொண்டு தம் வாதத்தைத் தொடங்கினார். நாள்கணக்கில் அவர் பேசிய பேச்சைத் தாங்காமல் அவர்களே தீர்மானத்தைக் கிடப்பில் போட்டார்கள். 1844 டிசம்பர் 3ஆம் நாள் 108க்கு 80 என்ற வாக்கில் மனுக்களை ஒதுக்கிவைத்த அந்த வாய்ப்பூட்டு விதியும் ஒழிந்தது. இடையில், 1841இல், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, அவர்களின் விடுதலைத் தீர்ப்பை வழக்கறிஞர் ரோஜர் பால்ட்வினோடு சேர்ந்து பெற்றுத் தந்ததும் இதே ஆடம்ஸ்தான்.

அவரைக் குறையற்றவராக நான் காட்ட வரவில்லை. லண்டனில் தூதராக இருந்தபோது, பிரிட்டிஷ் படை கொண்டுசென்ற அடிமைகளுக்காக உரிமையாளர்களுக்கு இழப்பீடு கேட்டவரும் அவரே. அப்படிப்பட்டவர் முதுமையில் எங்கே வந்து நின்றார் என்பதுதானே மாணவர்கள் அறிய வேண்டியது?

என் மனத்தாங்கல் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தந்தை ஜான் ஆடம்ஸையும் மகனையும் ஒருவராக்கி எழுதியது. அதைப் படித்த என் மாணவி, மகனே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்று தேர்வில் எழுதினாள். 1776 ஜூலை 4 அன்று அந்த மகனுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. நான் மதிப்பெண் குறைத்தபோது, பத்திரிகையில் வந்திருக்கிறதே ஐயா என்று உங்கள் இதழை நீட்டி அழுதாள். அன்று நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. இப்போதும் மகனின் பெயருக்கு மேல் தந்தையின் ஓவியத்தையே அச்சிட்டிருக்கிறீர்கள். லிங்கனுக்குமுன் அமெரிக்காவில் அரசியல்வாதிகளே இல்லாததுபோல் எழுதுவதும் ஆண்டுதோறும் தொடர்கிறது. அச்சில் வந்ததை வேதவாக்காகக் கொள்ளும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த இதழில், 1831 முதல் 1848 வரை ஆடம்ஸ் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார் என்று ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால், 1843இல் எடுத்த அவருடைய நிழற்படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.