சீனுவுக்கு, மால்டாவின் ஹம்ரூனிலிருந்து

சீனு,

திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டுப் படி. ஐந்து மாதம் பதில் போடாதது தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜி சொன்னாள், சந்தோஷம். இங்கே நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். சம்பளம் ஏறவில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டியிடம் வகையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹோட்டலில் மிஞ்சிய ரொட்டியைக் கொண்டுவந்து வைத்து, அது காய்ந்து கட்டையானதும் குப்பைப் பையில் போட்டேன். கீழ்வீட்டு நன்னா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பையைப் பிரித்து ரொட்டியை வெளியே எடுத்தார். அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். நம் ஹாஸ்டல் வார்டன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் உட்காரவைத்துச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-இல் அவருக்கு ஆறு வயதாம்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். அன்றைக்கு பிரிட்டிஷ்காரன் கையில் இருந்தது. வடக்கே எட்டிப் பார்த்தால் சிசிலி, அங்கே ஜெர்மன் விமானங்கள். ஏப்ரல் மாதம் ரொம்ப மோசம். 7-ஆம் தேதி தலைநகர் வலேட்டாவின் ஆப்பரா மாளிகை நொறுங்கியது. 9-ஆம் தேதி மோஸ்டா ஊர் மாதா கோயிலின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்தது. பூசைக்குக் காத்திருந்த 300 பேர் நடுவில் உருண்டது, வெடிக்கவில்லை. 15-ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுவதற்கும் சேர்த்து ஜார்ஜ் சிலுவை என்ற வீரப் பதக்கத்தை அறிவித்தார். இன்றும் இவர்கள் கொடியில் அது இருக்கிறது. பெருமைதான். ஆனால் மெடலை வேகவைக்க முடியுமா? சரக்குக் கப்பல் வர வழியில்லாமல் அடுத்த மாதமே ரொட்டிக்கும் ரேஷன் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம். ஒருவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க, 'அவன் என்ன ரொட்டி தின்கிறவன்?' என்று கேட்கிற ஊர் இது. அந்த ஊருக்கு 300 கிராம்!

என் சமையல் தொழில் சம்பந்தப்பட்ட கதை இனிமேல்தான். வீட்டில் அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் கிடையாது. அதனால் அரசாங்கமே 'விக்டரி கிச்சன்' என்று பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தது. சொந்த ரேஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும். வருஷம் முடிந்து ஜனவரி வந்தபோது நாளைக்கு லட்சம் பேருக்குக் குறையாமல் அதை நம்பி இருந்தார்கள். இங்கே அதுவரை ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து கொடுப்பார்களாம், உங்கள் தெருவில் கோவிந்தன் மாட்டைக் கொண்டுவருவாரே அந்த மாதிரி. தீவனம் இல்லாமல் போனதும் அந்த ஆடுகளும் குழம்புக்குப் போயின. நன்னா வீட்டுக்குப் பால் தந்த ஆட்டுக்குப் பெயர்கூட இருந்ததாம். குழம்பு வந்த அன்று அவர் தொடவில்லையாம், மறுநாள் தொட்டாராம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஊரே அந்தச் சாப்பாட்டைத் திட்டியிருக்கிறது! முட்டைத் தூளில் கிண்டிய பல்புல்யாட்டாவைச் சொன்னால் நன்னா முகம் இப்போதும் கோணுகிறது. புதன்கிழமை உப்புமாவுக்கு நீ தட்டைத் தட்டியது ஞாபகம் வந்தது. நீ அங்கே இருந்திருந்தால் குண்டு விழும்போதும் தட்டியிருப்பாய். நான் சமையற்காரன் கட்சி. எண்ணெய் இல்லை, விறகு இல்லை, கிழட்டு ஆடு, வரிசையில் ஆயிரம் பேர். நீ சமைத்துக் காட்டு பார்க்கலாம்.

மாவும் எண்ணெயும் தீர்ந்து சரணடைய வேண்டிய நாளை அதிகாரிகள் ரகசியமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஜூனில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கத்திலிருந்தும் புறப்பட்ட 17 சரக்குக் கப்பல்களில் இரண்டுதான் வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் 14 புறப்பட்டன, ஒன்பது மூழ்கிவிட்டன. கடைசியாக 'ஒஹையோ' எண்ணெய்க் கப்பல், இன்ஜின் செத்து, பாதி மூழ்கி, இரண்டு போர்க்கப்பல்கள் இருபுறமும் கைத்தாங்கலாகப் பிடித்துவர, மாதா திருநாளன்று, 15-ஆம் தேதி துறைமுகத்துக்குள் நுழைந்தது. இன்றுவரை இவர்களுக்கு அது 'சாண்டா மரியா கான்வாய்'தான், அதாவது மாதா பெயரில் ஒரு கப்பல் அணி.

இதையெல்லாம் விட ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. கார்மெலோ போர்க் பிசானி என்று ஒரு மால்டா பையன். ஓவியம் படிக்க ரோமுக்குப் போனவன், மால்டா இத்தாலியோடு சேர வேண்டும் என்று நம்பியவன். அந்த மே மாதம், ஜெர்மனியோடு சேர்ந்திருந்த இத்தாலிக்கு உளவு பார்க்க, டிங்லி பாறைகளுக்குக் கீழே இரவில் வந்து இறங்கினான். கொண்டுவந்ததையெல்லாம் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் அவனே கூப்பிட்டுக் காப்பாற்றச் சொல்ல, அவனை ம்தார்ஃபா ராணுவ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேறு பெயர் சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறான். அங்கே இருந்த டாக்டர் அவனுடைய சின்ன வயது சிநேகிதன், சீனு. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நவம்பர் 28-ஆம் தேதி தூக்கு. வயது முப்பதுகூட ஆகவில்லை. விசாரித்த மூன்று நீதிபதிகளுக்குத் தலைவர் சர் ஜார்ஜ் போர்க். செப்டம்பரில் மக்கள் சார்பில் அந்த ஜார்ஜ் சிலுவையைக் கையில் வாங்கிக்கொண்டவரும் அவர்தான்.

தேசத்துரோகம்தான், குழம்ப ஒன்றும் இல்லை என்று பகலில் எனக்கே தோன்றுகிறது. குண்டு போட்டவர்கள் பக்கம் நின்றவன். நன்னா அவன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். ராத்திரியில் மட்டும் அந்த டாக்டர் கட்டிலருகே வந்து நிற்கிற அந்த ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வருகிறது. உன்னை எந்த ஊரில், என்ன பெயரில் படுக்கவைத்தாலும் அந்த மூக்கை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். அப்புறம் என்ன செய்வேன்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? உடனே எழுத வேண்டாம், நீயும் ஐந்து மாதம் எடுத்துக்கொள்.

டிசம்பரில் லீவு கிடைத்தால் வருகிறேன். ராஜியிடம் இப்போதே சொல்லி வைக்காதே.

அந்தக் காய்ந்த ரொட்டியைத் தண்ணீர் தெளித்து, வெங்காயம் தாளித்து உப்புமா ஆக்கி நன்னாவுக்குக் கொடுத்தேன். கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிவிட்டு முழுவதும் சாப்பிட்டார். பல்புல்யாட்டாவுக்கு இது பரவாயில்லையாம்.

உன்
பாஸ்கி