முதலில் வயிற்றைப் பார்த்துவிடு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேத்திக்குக் காது குத்தியதையும் அவள் தாய்மாமன் மடியில் ஒரு சொட்டுக்கூட அழாமல் உட்கார்ந்திருந்ததையும் படித்து அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து மனசு நகரவே இல்லை. ஆறு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது, கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு இனிமேல் நாட்டு மருந்துதான் என்று முடிவு செய்திருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய்.

என் வயிற்றின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் சொல்கிறேன்.

எட்டு வருஷம் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த பேண்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. அந்த வலி மாத்திரையே இரைப்பையைப் புண்ணாக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேஸ் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியபோது முன்பைவிட அதிகமாக எரிந்தது. வெகுநாள் அடக்கி வைத்த அமிலம், மாத்திரை நின்றதும் கொஞ்ச நாள் கூடுதலாகவே சுரக்குமாம். அது தெரியாமல் வியாதி முற்றிவிட்டது என்று பயந்துபோனேன்.

அந்தப் பயத்தில்தான் ஒருவர் கொடுத்த பொடியைச் சாப்பிட்டேன். காகிதப் பொட்டலம், மேலே பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால், ‘மூலிகைதான் அம்மா, கெடுதல் செய்யாது’ என்றார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது உண்மைதான். ஆனால் பிரஷர் ஏறியது.

அப்புறம்தான் இங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1964லிருந்து இருக்கிறது, வீட்டிலிருந்து நடக்கிற தூரம், எனக்குத்தான் தோன்றவில்லை. அங்கே ஒரு பெண் மருத்துவர், என் மூத்த பெண் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். அவர்கள் நூல்களில் இதைக் குன்மம் என்பார்களாம், அதில் எட்டு வகை உண்டாம். சரி, சூரணம் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, ‘உங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ரத்தமும் குறைவாகத் தெரிகிறது. எண்டாஸ்கோப்பி செய்து, வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கப்புறம் மருந்து தருகிறேன்’ என்றார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, ‘அதிமதுரம் நிறைய இருந்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியமும் குறையும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததைச் சாப்பிடாதீர்கள்’ என்றார்.

எண்டாஸ்கோப்பிக்கு நீ பயப்படுவாய், எனக்குத் தெரியும். முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள், இரண்டு நிமிஷத்தில் நாக்கே இல்லாத மாதிரி மரத்துப்போனது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, கடித்துக்கொள்ள வாயில் ஒரு வளையம் கொடுத்தார்கள். குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

உள்ளே புண் இருந்தது. சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நம் அம்மா காலத்தில் எல்லோரும் சொல்வார்களே, டாக்டர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும், அவரோடு சேர்ந்து கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை ஒழிக்கப் பதினாலு நாள் மாத்திரை சாப்பிட்டேன். வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி கசந்தது, ஆனால் ஒரு வேளைகூட விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் விட்டு மறுபடி சோதித்தபோது கிருமி இல்லை.

எட்டு வருஷம் மாத்திரையால் அடக்கி வைத்திருந்தேனே, அதற்குள்ளேயே இந்தக் கிருமியும் இருந்திருக்கிறது. எந்தப் பொடியும் அதைப் போக்கியிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

புண் ஆறின பிறகும் உப்புசமும் மந்தமும் போகவில்லை. இங்கிலீஷ் மருத்துவர் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுபடி அந்தச் சித்த மருத்துவரிடம்தான் போனேன். அரை மணி நேரம் என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பஞ்ச தீபாக்கினி சூரணம் கொடுத்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம், இவ்வளவுதான் அதில். ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு, புளி பாதி, வாரம் இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை. இரண்டு மாதத்தில் வயிறு லேசானது. சூரணத்தாலா, நேரத்துக்குச் சாப்பிட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் விடவில்லை.

அதனால் நீ சித்த மருத்துவத்துக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் உன் ஆறு கிலோ என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு எடை குறையவே இல்லை, உனக்குக் குறைந்திருக்கிறது. மலம் கருப்பாகப் போகிறதா, சோறு விழுங்கும்போது நெஞ்சில் தடுக்கிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கூச்சப்படாமல் எழுது. எழுத வேண்டாம், படித்தவுடன் போன் பண்ணு. சாதாரணப் புண்ணாகவே இருக்கலாம். ஆனால் பார்க்காமல் எந்த மருந்தும் ஆரம்பிக்காதே, டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவும் செய்யாதே. சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்து வை, யாரிடம் போனாலும் காட்ட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு வேலை நெருக்கடி என்று எழுதியிருந்தாய். அவர் வர வேண்டாம், நான் வருகிறேன். புதன்கிழமை ராத்திரி ரயிலில் ஏறினால் விடிவதற்குள் திருச்சி. வியாழன் காலையிலேயே டாக்டரைப் பார்த்துவிடலாம். அன்றைக்கே எண்டாஸ்கோப்பி எடுத்தாலும் எடுப்பார்கள், புதன் ராத்திரிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இரு. சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்று மட்டும் முன்னாடியே டாக்டரிடம் கேட்டுக்கொள். எனக்கும் காப்பி போட்டு வைக்காதே, முடிந்ததும் சேர்ந்தே குடிப்போம்.

உன்
பழைய அறைத்தோழி