வியாசர்பாடிக்குப் போகிற மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புகிறாள் என்று ஹாஸ்டலில் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு போனில், "மே மாசம் பத்து நாள் ஊழியத்துக்குப் போறோம்மா. நார்த் மெட்ராஸ், வியாசர்பாடி. வி.பி.எஸ்., அதான் பிள்ளைங்களுக்கு லீவு பைபிள் கிளாஸ், நடத்தணும், வீடு வீடாப் போய் ஜெபிக்கணும். அங்க ஜனங்க ரொம்பப் பாவம்மா" என்றாய். நான் "சரி, குடை எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

என் ஊர் பெரம்பூர் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டுமில்லை, கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அதே பதில்தான். தாத்தா வீடு என்று நீ பார்த்தது ஆவடி வீடு. நான் வளர்ந்தது வியாசர்பாடியில். நீங்கள் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப்போகிற தெருக்களில் ஏதோ ஒன்றில்.

மறைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வந்த புதிதில் வீட்டுக்கு வந்த சபைப் போதகர் ஐயரை "குந்துங்க ஐயரே" என்று சொல்லிவிட்டேன். உன் ஆச்சி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள், உன் அத்தைமார் நேராகவே சிரித்தார்கள். அன்றைக்கு வாயை மூடினவள்தான். நைனா 'அப்பா' ஆனார், ஆயா 'பாட்டி' ஆனார், நாஸ்தா 'காப்பி பலகாரம்' ஆனது. ஊரும் பெரம்பூர் ஆகிவிட்டது.

நைனா பின்னி மில்லில், பி அண்ட் சி என்பார்களே, அதில் நெசவுப் பிரிவில் இருந்தார். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் விடியும். 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து அந்த மில் தொழிலாளிகளுக்காக ஆரம்பித்ததுதான் இந்தியாவிலேயே முதல் தொழிற்சங்கம் என்று, ஏதோ தானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் மாதிரி சொல்வார். 1996இல் மில் மூடினார்கள். எனக்கு அப்போது பதினாறு. அதற்குப் பிறகு அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். காக்கி நெய்தவர் காக்கி போட்டார். அதை அவரே சொல்லிச் சிரிப்பார், எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு மே மாசம், உங்களைப் போலவே ஒரு காலேஜிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். எந்தக் காலேஜ் என்பது வேண்டாம். கைதட்டிப் பாட்டு, கதை, கடைசியில் க்ளூகோஸ் பிஸ்கட். நாளைக்குப் போட்டோ எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். ஆயா என் கிறிஸ்மஸ் கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்து, சோற்றுக்கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்பு அள்ளித் தேய்த்துக் கொடுத்தார். ரோஸ் கலர், கழுத்தில் லேஸ். முதல் வரிசையில் போய் நின்றேன். கேமரா வைத்திருந்த அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளைப் பிடித்து மூன்றாவது வரிசைக்கு நகர்த்திவிட்டு, சட்டை இல்லாமல் மூக்கு ஒழுக நின்ற பக்கத்து வீட்டுப் பையனை என் இடத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் புரியவில்லை. கவுன் நன்றாக இல்லை போல என்றுதான் நினைத்தேன். அந்தப் போட்டோவை அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள். தபால்காரரை எத்தனை மாசம் கேட்டிருப்பேன்!

அதே கூட்டத்தில் ஓர் அக்காவும் இருந்தது. தெற்கத்திப் பேச்சு. மறுநாள் காலையில் மெட்ரோ தண்ணி லாரி வந்தபோது, ஆயா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றது. குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் பாதித் தண்ணீர் புடவையில். தெருவே சிரித்தது. ஆயா குடத்தை வாங்கி, "இப்டி சாச்சுக்கோமே, இடுப்பு இன்னாத்துக்குக் கீது?" என்று வைத்துக் காட்டினார். அப்புறம் பத்து நாளும் அந்த அக்கா எங்கள் வீட்டில்தான் நாஸ்தா. என் பெயரை ஒரு தடவைதான் கேட்டது, மறக்கவே இல்லை. ஊருக்குப் போய்ப் பதினைந்து பைசா கார்டில் எழுதியது. இரண்டு வருஷம் போல எழுதியது. நான் கடிதம் எழுதப் பழகினதே அதற்குப் பதில் போட்டுத்தான். அது சொன்ன பைபிள் கதை எதுவும் ஞாபகமில்லை. ஆயாவிடம் குடம் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பின்னாளில் பிஷப் ஆன நம் வெள்ளாளன்விளை அசரியாவைப் பற்றி ஐயர் வருஷா வருஷம் பிரசங்கத்தில் சொல்வாரே. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் நிறையக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டாராம். ஐயர் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நனைந்த புடவைதான் கண்ணில் வரும்.

நீ போவதை நான் தடுக்கவில்லை பாப்பா. நான் பிறந்ததே ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியில்தான். 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து மிஷன் டாக்டராக வந்த மக்ஃபெயில் அம்மா சின்ன மருந்தகமாகத் தொடங்கியது. ஆனால் அவர் பத்து நாளில் திரும்பிப் போகிற கணக்கில் வரவில்லை. நீங்கள் திரும்பப்போகிறவர்கள். அதனால் "மறுபடி வருவோம்" என்று குழந்தைகளிடம் சொல்லாதே. அதுகள் நம்பிவிடும்.

வீடுகளுக்குப் போனால், ஜெபிக்கலாமா என்று முதலில் கேள். வேண்டாம் என்றால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வா. அங்கே தெருவுக்கு இரண்டு சபை இருக்கும். நீங்கள் போய்த்தான் இயேசு வியாசர்பாடிக்கு வரவேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. "இன்னா" என்று கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று பயப்படாதே, அது விசாரிப்பு. சாயங்காலம் அத்தோ என்கிற நூடுல்ஸ் கிடைத்தால் சாப்பிடு. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது. வெளியே சாப்பிடக் கூடாது என்று உங்கள் லீடர் சொன்னாலும் சாப்பிடு. தெருவில் கேரம் ஆடக் கூப்பிட்டால் மட்டும் பந்தயம் கட்டாதே. 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி அந்த ஊர்ப் பெண். பத்து வயசுப் பொடியனே உன்னை ஒரு காய் போட விடமாட்டான்.

வழியையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எழும்பூரில் விடும். சென்ட்ரலுக்கு வந்து லோக்கல் ரயில் ஏறினால், பேசின் பிரிட்ஜுக்கு அடுத்து வியாசர்பாடி ஜீவா. உங்களை வேனில் கூட்டிப்போவார்கள், தெரியும். ஒரு நாளாவது ரயிலில் போய் அந்த ஸ்டேஷனில் இறங்கிப் பார்.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு இட்லிப் பொட்டலத்தோடு வருவேன். வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். உன் கூட்டாளிகள் முன்னால் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. நான் அழுது வைப்பேன்.

போட்டோ எடுப்பீர்கள். எடுக்காமல் இருக்கமாட்டீர்கள். அவரவர் நிற்க ஆசைப்பட்ட இடத்தில் நிற்கவிட்டு எடு. யாராவது ஒன்று நல்ல கவுன் போட்டு வந்தால் முன்னால் நிறுத்து. கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டு வா. எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிச் சொல், அப்பாவுக்குத் தெரியாமல் ஜிபே பண்ணுகிறேன்.

அன்புடன்,
அம்மா