செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், போசகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஏழு தடவை கூடியது. வாணி விழாவும் சிறுவர் ஓவியப் போட்டியும் வழமைபோல் நடந்தன.

நீர்வர்ணத் திட்டம் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மைச் சுற்றிக் கிடப்பதிலிருந்தே வர்ணம் செய்வோம் என்று போன பொதுக்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். மாலபேப் பக்கம் அத்திவாரம் வெட்டிய இடத்தில் கபுக் என்னும் சிவந்த மண்கல்லும், மொறட்டுவைத் தச்சுப் பட்டறையில் பலாமரத் தூளும் சேர்த்தோம். சேர்க்கப் போன அன்று இருபது பேர் வந்தார்கள், படமும் எடுத்தார்கள். அரைக்கும் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தது பொருளாளரும் இன்னொருவரும் மட்டும்தான்.

கபுக் கல்லை இடித்துத் தண்ணீரில் கலக்கி, மணல் தங்கியதும் மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை வேறு வாளிக்கு ஊற்ற வேண்டும். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் படியும் சேற்றை விரலில் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதைக் காயவைத்து, வேலம் பிசின் கரைசலும் தேனும் சேர்த்துக் கண்ணாடியில் ஒரு மணித்தியாலம் அரைத்தால், வர்ணம் வைக்கும் சிப்பி ஓடு இரண்டு நிரம்பும். பலாத்தூளை அவித்து வடித்த சாயத்தில் படிகாரமும் சலவைச் சோடாவும் போட, நுரைத்துப் பொங்கி மஞ்சள் படிவு இறங்கியது. அதைப் பார்க்க எல்லோரும் இருந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் முதல் தொகுதி முழுக்கப் பூஞ்சணம் பிடித்தது. கராம்புத் தைலம் விட மறந்தது என் தவறு. தேனும் கூடிவிட்டது, கொழும்பின் ஈரக் காற்றில் காயவேயில்லை. தேனைப் பாதியாக்கிய பிறகு சரி வந்தது.

நாங்கள் செய்த வர்ணப் பெட்டியில் நீலம் இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். சங்குப்பூ நீலம் தீட்டிய தாளைப் பாதி மறைத்து யன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தேன். வெயில் பட்ட பாதி வெளுத்துவிட்டது. கபுக் சிவப்பு அப்படியே நின்றது. சிகிரியா ஓவியங்கள் 5ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்பதும் மண் நிறங்களால்தானே. வெளுக்கும் நிறத்தைச் சங்கத்தின் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கில் செலவு வரவை விடச் சற்றுக் கூட. விபரம் பொருளாளரிடம் உண்டு. பிசினும் கண்ணாடியும் என் கைக்காசில் வாங்கியவை. அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பதவியை யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இல்லாவிட்டால் தொடர்வேன், ஆனால் மூன்று பேரால் முடியாது. வடித்து வைத்த சிவப்புச் சேறு இரண்டு வாளி என் பல்கனியில் இருக்கிறது. தை முதல் சனி காலை ஒன்பது மணிக்கு அரைக்கத் தொடங்குவோம். வருபவர்கள் சந்தாவையும் அன்றே தந்துவிட்டால் கராம்புத் தைலம் வாங்கலாம்.