செவலைக்குத் தோல் ஆறுகிறது, மாப்ளே

மாப்ளே,

உன் பெண் குதிரைக்குட்டியின் மூக்கிலும் உதட்டிலும் கொத்துக் கொத்தாக வந்திருப்பது மரு. நீ அனுப்பிய படத்தை இங்கே டாக்டரிடம் காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார். ஒன்று, இரண்டு வயதுக் குதிரைகளுக்கு வைரஸால் வருவது. உடம்பு எதிர்க்கப் பழகியதும் சில மாதத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். யாரோ சுண்ணாம்பு வைத்துக் கருக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் செய்துவிடாதே, மூக்குத் தோல் வெந்து பெரிய புண்ணாகிவிடும். தண்ணீர் வாளியைத் தனியாக வை, கடிவாளம் உரசும் இடத்தில் மரு இருந்தால் கொஞ்ச நாளைக்குக் கடிவாளம் போடாதே, அவ்வளவுதான்.

நம் செவலைக் குதிரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் நாம் இரண்டு பேரும் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்கியபோது அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை, ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் ஹெசரகட்டா பக்கம் எங்கள் லாயத்துக்கு வந்து நன்றாகத்தான் இருந்தது. புரட்டாசி மழை பிடித்ததும் சேணத்தின் வயிற்றுப்பட்டை கட்டும் இடத்தில் முடி சிலிர்த்துக்கொண்டு சின்னச் சின்னத் திட்டு. அப்புறம் அந்த முடி கொட்டி, அடியில் சாம்பல் நிறத்தில் பொடுகு உதிரும் வட்டங்கள், கழுத்திலும் தோளிலும். அரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தீனியும் நன்றாக எடுத்தது. உனக்குத் தெரியும், குதிரைக்கு ஒன்று வந்தால் ஊரே வைத்தியர்தான். கொள்ளு சூடு, கொள்ளை நிறுத்து என்றார் ஒருவர். வேப்பெண்ணெயை உடம்பு முழுக்க ஊற்று என்றார் இன்னொருவர். சிவாஜிநகரிலிருந்து தீனி ஏற்றி வரும் வண்டிக்காரர் பழைய எஞ்சின் ஆயில் தடவச் சொன்னார், அதுவும் ஆசையாக, நல்லது நடக்க வேண்டும் என்றுதான். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் ஒரு சொட்டு எண்ணெய்கூட அதன் மேல் படக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

எண்ணெய் தடவிவிட்டால் டாக்டர் சுரண்டி எடுக்கும் மாதிரியில் ஒன்றும் சரியாகத் தெரியாது. டாக்டர் வந்து திட்டின் ஓரத்திலிருந்து முடியும் பொடுகும் எடுத்து ஒரு காகித உறையில் போட்டு ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினார். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்து வேறு பூஞ்சை வளர்ந்துவிடும் என்று காகிதம்தான் கேட்டு வாங்கினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்று சொன்னார்கள், பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மனிதர்களுக்கு வரும் அதே வகைப் பூஞ்சைதான். குதிரைக்கு அதிகம் வருவது டிரைக்கோஃபைட்டான் ஈக்வினம் என்று ஒன்று. இளங்குதிரைகளை அது சீக்கிரம் பிடிக்கிறது, ஏனென்றால் அந்த உடம்பு அதை இதற்கு முன் சந்தித்ததே இல்லை. ஒட்டிய பிறகு வெளியே தெரிய ஒரு வாரத்திலிருந்து சில வாரம்வரை பிடிக்கும், அதனால் நாம் பார்ப்பதற்குள் பக்கத்துக் குதிரைக்குப் போயிருக்கும்.

ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மாதத்தில் தானே ஆறிவிடும். அப்படியானால் மருந்து எதற்கு என்று நீ கேட்பாய். பரவாமல் இருக்கத்தான். அந்தப் பூஞ்சையின் வித்துகள் மரத் தூணிலும் பிரஷ்ஷிலும் சேணத்துக்கு அடியில் போடும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். ஒரே பிரஷ்ஷால் எல்லாக் குதிரையையும் தேய்த்தால் லாயம் முழுக்க நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. எங்கள் லாயத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் ஆம்பூர்க்கார அண்ணனுக்கு முழங்கையில் வட்டமாகச் சிவந்து வந்தது, அவரை உடனே தோல் டாக்டரிடம் அனுப்பினோம். உன் வீட்டில் குழந்தைகள் குட்டியைக் கட்டிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செவலைக்கென்று தனி பிரஷ், தனி வாளி, தனித் துணி, எல்லாவற்றிலும் சிவப்பு நாடா கட்டிவிட்டோம். அதைக் கடைசியாகத்தான் தொடுவது, தொட்டால் கையுறையோடுதான். சேணம் போடுவதை அடியோடு நிறுத்தியாயிற்று. பூஞ்சை மருந்தான மைக்கோனசோலும் கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடினும் கலந்த ஷாம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தார். திட்டின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வருகிற மாதிரி தேய்க்க வேண்டும், உள்ளிருந்து வெளியே தேய்த்தால் நல்ல தோலுக்கும் பரவும். நுரையைப் பத்து நிமிஷமாவது விட்டுத்தான் கழுவ வேண்டும். நம் ஆட்கள் போட்ட வேகத்தில் கழுவிவிடுவார்கள், பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. தூண், கதவு, தரையெல்லாம் சாணம் போகத் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கழுவினோம். தோல் சாமானுக்கு பிளீச் ஆகாது, அதற்குப் பூஞ்சை மருந்துதான். முடியை மழித்துவிடலாமே என்று நீ கேட்டிருந்தாய், வேண்டாம். மெஷின் போடும் சின்னக் கீறல் வழியாக இன்னும் பரவும்.

அதற்கு நடுவில் ஐப்பசி மழையில் முதுகில் இன்னொன்று. பெங்களூர் மழை உனக்குத் தெரியாதது இல்லை, சாயங்காலம் ஊற்றினால் மறுநாள் காலைவரை எதுவும் காய்வதில்லை. முதுகு நெடுக முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொருக்குத் தட்டி, ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தால் பெயிண்ட் பிரஷ் மாதிரி முடிக்கற்றை அப்படியே கூட வந்தது, அடியில் ஈரமாக இளஞ்சிவப்பு. இது பூஞ்சை இல்லை, டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியா. தோல் நனைந்து ஊறியிருக்கும்போது பூச்சிக் கடி வழியாக உள்ளே போகிறது. வேப்பெண்ணெய் ஊற்றியிருந்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியிருப்போம், நோய்க்கு அதுதான் வேண்டும். குளோர்ஹெக்ஸிடின் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து, தானாக வருவதை மட்டும் எடுத்து, துடைத்துக் காயவிட்டோம். காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் அதற்கு வலி உயிர் போகும், பிறகு நம்மைப் பக்கத்திலேயே விடாது. விழுந்த பொருக்கை வைக்கோலில் விடாமல் பொறுக்கி எரித்தோம். மழை நனையாத கூரையும் காற்றோட்டமும் கிடைத்ததும் முதுகு சீக்கிரமாகவே தேறிவிட்டது. படர்தாமரை இருந்த இடத்தில் புது முடி வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் வெளிறின நிறத்தில்.

உன் ஆண்குதிரை வாலைத் தூணில் தேய்த்து முடியெல்லாம் போகிறது என்றாயே, பிடரியையும் தேய்க்கிறதா என்று பார். வால் அடி மட்டும் என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், ஆசனவாய் ஓரத்தில் முட்டை இட்டு அரிப்பு உண்டாக்கும். வால், பிடரி இரண்டும் என்றால் கொசுவைவிடச் சின்னதாக ஒரு கடிக்கும் பூச்சி உண்டு, அதன் கடி ஒத்துக்கொள்ளாமல் வருவது. அது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் கடிக்கும். காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு இல்லாத பூச்சி, லாயத்தில் ஒரு நல்ல ஃபேன் ஓடினாலே பாதி குறையும். அந்த நேரங்களில் குளத்தங்கரையில் கட்டாதே.

இன்னொன்று இருக்கிறது, இதை விளையாட்டாக எடுக்காதே. கால் உள்பக்கம் கயிறு போட்ட மாதிரி வரிசையாகக் கட்டி எழும்பி, உடைந்து, தேன் நிறத்தில் வடிந்தாலோ, கூடவே மூக்கில் சளியும் இருந்தாலோ, கிட்டே போகாதே, யாரையும் போக விடாதே. அது கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம், மனிதர்களுக்கும் வந்து உயிரை எடுக்கும். 2009ஆம் வருஷத்து விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லியே ஆக வேண்டும், ரத்த மாதிரியை ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் சோதிக்கும். சந்தையில் வாங்கும்போது கையை விட்டுக் கால் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் கண்ணால் பார்.

உன் சினைக்குதிரைக்கும் ஒரு வட்டம் தெரிகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், எனக்குக் கவலை அதில்தான். பூஞ்சைக்குக் கொடுக்கும் கிரிஸியோஃபுல்வின் மாத்திரை யாராவது எழுதினால் சினை என்று சொல்லிவிடு, வயிற்றுக் குட்டிக்கு ஆகாது. மேலே போடுகிற மருந்து போதுமா என்று டாக்டரிடமே கேள். வெளிச்சத்தில் நிறுத்தி, அந்தத் திட்டைக் கிட்டத்திலிருந்து ஒன்றும் தூரத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து இந்த வாரத்துக்குள் அனுப்பு, நான் இங்கே காட்டிவிட்டுப் போன் பண்ணுகிறேன். தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி