நம் ஆஸ்பத்திரித் திருப்பணி முடிந்தது: கமிட்டி ஒப்புவிக்கும் கணக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றரை வருடமாகப் பார்க்கிற இடத்தில் எல்லாம் "வேலை எந்த மட்டில இருக்கு" என்று கேட்டு எங்களைத் துளைத்துவிட்டீர்கள். முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டைக் குறைக்கும், கோபுரமோ கலசமோ இல்லாத இந்த வேலைக்குத் திருப்பணி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான், அதனால் அதே பெயரில் எழுதுகிறோம். ரூபாய்க் கணக்கு ஆடிட்டர் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, இது மற்ற கணக்கு.

எல்லோருக்கும் தெரிந்தது மொட்டைமாடி சோலார். 20 கிலோவாட், நல்ல வெயிலில் தினம் 80 யூனிட் வருகிறது. முதல் மூன்று மாதம் வரவில்லை, அதற்குக் காரணம் தண்ணீர் டேங்க். பேனல்களை மாட்டிக்கொடுத்தவர்கள் காலையில் வந்து அளந்துவிட்டுப் போனார்கள், மூன்று மணிக்கு மேல் டேங்கின் நிழல் ஒரு வரிசை முழுக்க விழும் என்று அவர்களும் பார்க்கவில்லை, கூடவே நின்ற நாங்களும் பார்க்கவில்லை. அந்த வரிசையைக் கழற்றி மேற்குப் பக்கம் மாற்றியதில் கூடுதல் செலவு ஆனது. தப்பு எங்களுடையதும்தான்.

வார்டுகளில் பழைய 75 வாட் ஃபேன் 64-ஐயும் எடுத்துவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டோம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இதிலேயே 48 யூனிட் மிச்சம், அதாவது சோலார் தருவதில் பாதிக்கு மேல். இதைப் பார்த்துக் கைதட்ட யாரும் வரவில்லை!

சரி, இனி முக்கியமான விஷயம்.

ஸ்டோர் ரிஜிஸ்டரைப் புரட்டும்போது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவில் இரண்டு மாதத்துக்கு ஒரு பெரிய சிலிண்டர் வாங்குவது கண்ணில் பட்டது. மயக்க டாக்டரிடம் கேட்டால், "நான் அதைத் தொட்டே ரொம்ப நாள் ஆச்சே" என்கிறார். அப்புறம் யார் குடிக்கிறார்கள்? மீட்டரில் அழுத்தம் எப்போதும் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் இந்த வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை முள் இறங்காது. எடை போட்டால்தான் தெரியும். ஆபரேஷன் எதுவும் இல்லாத ஒரு வாரக் கடைசியில் சனி இரவு எடை போட்டோம், திங்கள் காலை மறுபடி போட்டோம், முக்கால் கிலோ காணோம். குழாய் இணைப்புகள் வழியாக வருடக் கணக்கில் கசிந்திருக்கிறது. இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோதும், குழாயில் விட்ட வாயுவில் பெரும்பகுதி நோயாளியிடம் போய்ச் சேரவே இல்லை. 2024-இல் அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கமே இந்தக் குழாய்களை மூடிவிடச் சொல்லிவிட்டது.

இதனால் என்ன கேடு? ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும், நூறு வருடத்துக்கு மேல் காற்றிலேயே இருக்கும். 30 கிலோ சிலிண்டர் ஒன்று என்றால் எட்டு டன். வருடத்துக்கு ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 49 டன். நாம் பெருமைப்படுகிற சோலார், நம் நாட்டு கரண்ட் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால், வருடத்துக்கு 20 டன்தான் தடுக்கிறது. இரண்டு மடங்குக்கு மேல் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சரிசெய்யச் செலவு: பெரிய சிலிண்டர்களைக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டு அறையை மூடிவிட ஒரு பூட்டு. தேவைப்பட்டால் எடுக்க, மயக்கம் கொடுக்கும் பாயில்ஸ் மெஷினிலேயே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது.

குப்பை விஷயத்தில் பாதி வெற்றிதான். மஞ்சள் பைக்குள் போவது எல்லாம் எரிக்கப்போகிறது, அதில் டீ கப்பும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான் அதிகம் கிடந்தன. நான்கு தடவை வகுப்பு எடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஆயாதான் சொன்னார், "மஞ்சள் வாளி கட்டில் பக்கத்துல, சாதா வாளி வராந்தா கோடியில இருந்தா யாருங்க நடப்பாங்க?" வாளிகளை இடம் மாற்றினோம், மறுநாளே பையின் பருமன் குறைந்தது. ராத்திரியில் கூட இருக்கிற சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

"பச்சை ஆஸ்பத்திரி எல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு" என்று ஆரம்பத்தில் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு ஒரு பதில்: நம் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு ஏறக்குறைய 6 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குக் கேடு, அதே ஆபரேஷனுக்கு பிரிட்டனில் 130 கிலோ என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. சாமான்களைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது அதற்கு ஒரு பெரிய காரணம். நம்மிடம் ஏற்கெனவே இருந்த பழக்கம்தான், நடுவில் விட்டுவிட்டோம்.

செய்யாமல் விட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. காசு போதவில்லை. தியேட்டர் ஏ.சி.யை ராத்திரி அணைப்பதா, குறைத்து வைப்பதா என்று சர்ஜன்களுக்கும் சிஸ்டர்களுக்கும் நடுவே இன்னும் பேச்சு நடக்கிறது. இரண்டையும் மகாசபையில் வைக்கிறோம். உபயம் பலகை கேட்ட இரண்டு பேருக்கு ஒரு வார்த்தை: ஃபேனில் பெயர் எழுதினால் ஓடும்போது படிக்க முடியாது, ஆனாலும் எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி