எங்களை வேலை வாங்கிய ஊருக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கமுதிப் பக்கம் உங்கள் ஊரில் நடந்த எங்கள் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் நல்லபடியாக முடிந்தது. காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் இது. ஏழு நாள் ஊரில் தங்கி உழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. என்ன வேலை என்பதைச் சொன்னது நீங்கள்தான்.

முதல் நன்றி அப்பத்தாவுக்கு. பள்ளிக்கூட முற்றத்தில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போடச் சொன்னோம். அவர் தெருவையும் கோயிலையும் விட்டுவிட்டு முதலில் ஊரணியைப் போட்டார். அதிலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்து, பாதியைக் கையாலேயே அழித்தார். "இதுக்கு மேல பூராம் கருவை. தண்ணி எங்கிட்டு வரும்?" மரக்கன்று நட வந்த அணி, ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்குக் கிளம்பியது அந்தக் கேள்வியால்தான்.

கரிமூட்டம் போடும் அண்ணன்மாரே, சீமைக்கருவேலம் உங்களுக்குச் சோறு போடும் மரம். இருந்தும் அரிவாளோடு முதலில் வந்து நின்றீர்கள். தூரோடு பறிக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும் என்று கடப்பாறையைக் கையில் கொடுத்ததும் நீங்கள்தான். கொத்தனார் அண்ணன் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துக் கொடுக்காமல் இருந்தால், வெட்டிய வாய்க்கால் ஊரணியை விட்டு வெளியே தண்ணீரைக் கொண்டுபோயிருக்கும்.

தொண்டு நிறுவனத்து அக்காமார் செய்தது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஊரணி ஊராட்சியின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறையிடம் போக வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லி, ஊராட்சி அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். அப்புறம் அந்த ராத்திரிக் கூட்டம்! அன்றைய செலவையும் மறுநாள் யார் யாருக்கு என்ன வேலை என்பதையும் ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் டீசல் கணக்கைக் கேட்டு வைத்த ஒருவர்தான் மறுநாள் தன் டிராக்டரை வாடகையில்லாமல் அனுப்பினார்.

காலையில் நீச்சத்தண்ணியும் வெங்காயமும் தந்த மகளிர் குழுவுக்குத் தனி நன்றி. வரத்துக்காலில் சாலையைத் தாண்டிய பகுதி இன்னும் பாக்கி. எங்கெங்கே எவ்வளவு என்று எழுதிய நோட்டு மகளிர் குழுவிடம் இருக்கிறது. அடுத்த அணி ஐப்பசி மழைக்கு முன்பே வரும். அவர்களையும் இப்படியே வேலை வாங்குங்கள்.

அன்புடன்,
முகாம் மாணவ மாணவியர்